அந்தப் படத்தில் அழுத பிள்ளை

ஒரு காலத்தில் சிங்கப்பூரில் அந்த மலாய்ப் படத்தைப் பார்த்து அழாதவர்கள் குறைவு. மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று யாரும் பாக்கியில்லை. கதை ஒன்றும் புதிதில்லை. வறுமை தாங்காத தாய் ஒருத்தி தன் மகனை அனாதை இல்லத்தின் இரும்புக் கதவுக்குள் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பாள். மொட்டைத் தலையோடு ஒரு சின்னப் பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறுவான். அவன் வளர்ந்து பெரிய பாட்டுக்காரனாவான். ஊரே கைதட்டும். கடைசியில் அதே கதவுக்கு முன்னால் வந்து நின்று, என் பிள்ளைப் பருவம் இதற்குள்ளேயே கிடக்கிறது என்பான். கொட்டகையில் மூக்குறிஞ்சும் சத்தம்தான் கேட்கும். தொலைந்துபோன குழந்தைப் பருவத்தை இதுவரை இப்படி யாரும் காட்டியதில்லை என்று பத்திரிகைகள் எழுதின. யாருடைய குழந்தைப் பருவம் என்று எந்தப் பத்திரிகையும் கேட்கவில்லை. அவர்களுக்கு அதெல்லாம் எதற்கு?

அந்த மொட்டைப் பையன் பையனே இல்லை, பெண் பிள்ளை. பெயர் தையல்நாயகி, வீட்டில் தையு. தேக்காவில், ரோவல் ரோட்டுக் கடைவீடு ஒன்றின் மாடியில் குடியிருந்த லைட்மேன் துரைசாமியின் மகள். ஸ்டூடியோவில் நாலைந்து பேருக்கு இது தெரியும், அவர்கள் அடுத்த படம் வந்ததும் மறந்துவிட்டார்கள். பெற்ற தாய்க்குப் பன்னிரண்டு வருஷம் தெரியாது.

துரைசாமி தஞ்சோங் பகாரில் வளர்ந்தவர். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிப் போனார்கள், திரும்பவில்லை. அதன்பிறகு மகனும் மூட்டைதான் தூக்கினார். யுத்தம் முடிந்து சில வருஷத்தில், பாய லேபார் பக்கம் ஒரு சின்னப் படக் கம்பெனி கொட்டகை போட்டு, கனமான விளக்குகளைத் தூக்கி நிறுத்த ஆள் தேடியது. தோளில் வலு இருந்ததால் வேலை கிடைத்தது. நல்ல மனுஷர். குடி கிடையாது, வம்பு கிடையாது. ஒரே ஒரு கோளாறு, யார் என்ன சொன்னாலும் 'சரிங்க' என்பார். விளக்கை ஏற்று என்றாலும் சரிங்க, இறக்கு என்றாலும் சரிங்க, ஞாயிற்றுக்கிழமையும் வா என்றாலும் சரிங்க. முடியாது என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. இப்படிப்பட்ட நல்லவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகத்தான் இருக்கவேண்டும்.

மனைவி முத்தாயி நேர் எதிர். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவளுக்கு முதலில் ஒரு ஆண் பிள்ளை பிறந்தது. ஒரு வயது நிறைந்ததும் சிராங்கூன் ரோட்டில் ஒரு போட்டோக் கடைக்குத் தூக்கிப் போய், நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். படம் கழுவிக் கைக்கு வருமுன்னே காய்ச்சலில் பிள்ளை போய்விட்டது. பச்சைப் பிள்ளையைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று அக்கம்பக்கத்தில் நாலு பேர் சொன்னார்கள். முத்தாயி நம்பினாள். நம்பாவிட்டால் யார்மேல் பழியைப் போடுவது? அந்தப் போட்டோவை வாங்கிவரக்கூட அவள் விடவில்லை. இரண்டாவதாகத் தையு பிறந்தபோது, இவளை எந்தக் காலத்திலும் யாரும் படம் பிடிக்கக்கூடாது என்று கணவனிடம் சொன்னாள். துரைசாமி வழக்கம்போல் சரி என்றார்.

தையுவுக்கு நாலு வயதில் அம்மை போட்டது. பிழைத்தால் மொட்டை போடுவதாக முத்தாயி முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது. ஐம்பத்தைந்தாம் வருஷத் தைப்பூசத்தன்று, ஊர்வலம் போய்ச் சேரும் டேங்க் ரோட்டுக் கோயிலில், முடி இறக்கித் தலையில் சந்தனம் பூசிக் கூட்டி வந்தார்கள். தையுவுக்குத் தன் தலையே புது விளையாட்டுச் சாமானாகிவிட்டது. நாள் முழுக்க உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துச் சிரிப்பாள்.

பூசம் கழிந்த வாரம் தஞ்சோங் பகாரில் முத்தாயியின் தங்கைக்குப் பிரசவம். உதவிக்கு அவள் போகவேண்டியதாயிற்று. பிரசவ வீட்டில் அம்மை போட்ட பிள்ளை வேண்டாம் என்று தையுவை அப்பாவிடம் விட்டுப் போனாள். துரைசாமி மகளை வேலைக்கே கூட்டிப் போய், ஒயர் சுற்றும் மரப்பெட்டிமேல் உட்காரவைத்தார். அவள் சமர்த்தாக உட்கார்ந்து, அப்பா விளக்கை ஏற்றும்போதெல்லாம் கைதட்டினாள்.

அன்றைக்கு எடுக்கவேண்டியது அந்தக் கதவுக் காட்சி. பேசிவைத்திருந்த பையனுக்குக் காய்ச்சல், வரவில்லை. கல்கத்தாவிலிருந்து வந்த டைரக்டர் கையைப் பிசைந்துகொண்டு நடந்தபோது பெட்டிமேல் இருந்த மொட்டைத் தலை கண்ணில் பட்டது. அனாதை இல்லத்தில் பேன் பிடிக்காமலிருக்க மொட்டை அடிப்பார்கள், அப்படியே பொருந்துகிறதே என்று குதித்தார். யார் பையன் என்றார். மகள் என்று துரைசாமி சொன்னார். யாருக்கும் தெரியாது, அரைக்கால் சட்டை மாட்டினால் பையன்தான் என்றார் டைரக்டர். முத்தாயியின் முகம் துரைசாமிக்கு நினைவில் வராமலில்லை. முடியாது என்று சொல்லவேண்டிய இடம் அதுதான். வாய் திறந்தது, 'சரிங்க' என்றது.

பிள்ளை அழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று விளக்கைப் பார்த்துச் சிரித்தாள். தாயாக நடித்தவள் அவளை விட்டுவிட்டு வலது பக்கமாகப் போனால், டாட்டா காட்டினாள். அதட்டிப் பார்த்தார்கள், பிஸ்கட்டைக் காட்டிப் பிடுங்கிப் பார்த்தார்கள். பிடுங்கினவரிடமே இன்னொன்று கேட்டாள். மதியம் ஆகிவிட்டது. வெக்கையில் எல்லோருக்கும் எரிச்சல். டைரக்டர் துரைசாமியைத் தனியாகக் கூப்பிட்டு, உன் பிள்ளை எதற்குப் பயப்படும் என்று உனக்குத்தான் தெரியும், போய்ச் சொல் என்றார்.

துரைசாமி போனார். கம்பிக்கு வெளியே குந்தி, மகளின் காதருகே வாயை வைத்தார்.

"தையு, அம்மா இனிமே வராது. நீ வேணாம்னு சொல்லிட்டுப் போயிடுச்சு."

எழுந்து திரும்பிப் பார்க்காமல் வந்து, இடது ஓரத்தில் தன் விளக்குக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

சில நொடி பிள்ளைக்குப் புரியவில்லை. பிறகு முகம் கோணிற்று. அப்புறம் அவள் அழுத அழுகையைத்தான் ஊர் முழுக்கப் பார்த்தது. கம்பியை உலுக்கி, மூச்சு முட்டி, அம்மா அம்மா என்று கத்தி, கடைசியில் சட்டென்று இடது பக்கம் திரும்பி விளக்குகளுக்குப் பின்னால் அப்பாவைத் தேடினாள். நீயாவது இருக்கிறாயா என்பதுபோல் ஒரு பார்வை. அத்தோடு 'கட்' சொன்னார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கடைசிப் பார்வைக்கு ஈடில்லை, எந்த நடிகனுக்கும் வராது என்று டைரக்டர் துரைசாமியின் தோளில் தட்டினார். முழு டின் பிஸ்கட் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள்.

பஸ்ஸில் வரும்போது, அப்பா சும்மா சொன்னேன், அம்மா நாளைக்கு வந்துவிடும் என்று துரைசாமி பத்துத் தடவை சொன்னார். தையு தலையாட்டினாள். இதை அம்மாவிடம் சொல்லக்கூடாது என்றார். அதற்கும் தலையாட்டினாள். அப்பாவின் பிள்ளைதானே.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள். ஆனால் முத்தாயி திரும்பி வந்த நாளிலிருந்து தாயின் சேலை முந்தானையை விடவில்லை. குழாயடிக்குப் போனால் கூட வருவாள். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, இருக்கியா, இருக்கியா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். கண் பட்டிருக்கிறது என்று முத்தாயி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியே எழவில்லை, பார்த்தீர்களா எவ்வளவு திருஷ்டி என்று கணவனிடம் காட்டினாள். துரைசாமி பார்த்தார்.

ஆடி மாதம் பிள்ளைக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. தொற்றுநோய் என்று தனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெற்றவர்கள் உள்ளே போகக்கூடாது. முத்தாயி கெஞ்சினாள், சண்டை போட்டாள், ஒன்றும் நடக்கவில்லை. வெளிக் கதவருகே ஒரு மரத்தடியில் நாலு நாள் உட்கார்ந்திருந்தாள். வார்டு உள்ளே தள்ளி இருந்தது, அங்கிருந்து ஜன்னல்கூடத் தெரியாது. நாலாம் நாள் சாயங்காலம் நர்ஸ் ஒருத்தி வந்தாள். மலாய் நர்ஸ், இளகிய மனசுக்காரி. உங்கள் பிள்ளை கஷ்டமே கொடுக்கவில்லை, கடைசிவரை அழவில்லை, அம்மா வேண்டும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்று முத்தாயியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அந்த வார்த்தையைத்தான் முத்தாயி பிடித்துக்கொண்டாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். என் பிள்ளை அழாமல் போனது, பயப்படாமல் போனது, நான் வெளியேதான் இருக்கிறேன் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் தேடவில்லை என்றாள். சோறு இறங்கியதும், மறுபடி வேலைக்கு எழுந்து நடந்ததும் அந்த ஒரு வார்த்தையின் பலத்தில்தான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் துரைசாமி எழுந்து வெளியே போய்விடுவார். பிள்ளை ஏன் கேட்கவில்லை என்று அவருக்கல்லவா தெரியும்.

வருஷக் கடைசியில் படம் வெளிவந்தது. பக்கத்து அறையில் இருந்த சம்சுன்னிசா, தேக்காச் சந்தையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த காதர் மைதீனின் மனைவி, முதல் வாரமே பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"முத்தாயக்கா, நீங்க அந்தப் படத்தைப் பாக்கணும்லா. அதுல ஒரு மொட்டப் பையன் வாரான், அப்படியே நம்ம தையு. எனக்கு நெஞ்சே நின்னு போச்சு."

முத்தாயி கணவனைப் பார்த்தாள். நீங்கள் வேலை செய்த படம்தானே, யார் அந்தப் பையன் என்று கேட்டாள். கேலாங் பக்கத்து மலாய்ப் பையன், மூக்கு மட்டும் கொஞ்சம் நம் பிள்ளை மாதிரி இருக்கும் என்று துரைசாமி பச்சைப் பொய் சொன்னார். அப்படியானால் கூட்டிப்போங்கள், மூக்கையாவது பார்க்கிறேன் என்றாள். பார்த்தால் மனசு கெட்டுவிடும், வேண்டாம் என்றார். பிறந்ததிலிருந்து அவர் வேண்டாம் என்று சொன்னது அநேகமாக அதுதான் முதல் தடவை. ஆச்சரியத்தில் முத்தாயி விட்டுவிட்டாள்.

படம் போட்டோவைப் போல ஆயுசைக் குறைத்தது என்று அவள் கத்தினால் துரைசாமி தாங்கிக்கொள்வார், ஏன் மறைத்தாய் என்று அடித்தாலும் வாங்கிக்கொள்வார். ஆனால் பிள்ளை அப்படி அழுததற்குக் காரணம் கேட்பாள். காரணம் தெரிந்தால் அந்த நர்ஸ் சொன்ன வார்த்தையின் அர்த்தமே மாறிவிடும். பிறகு முத்தாயிக்குப் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? இந்தப் பயத்திலேயே அவர் வருஷங்களை ஓட்டினார். வேறு பிள்ளையும் பிறக்கவில்லை.

ஆனால் அவர் மட்டும் போனார். படம் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கொட்டகைக்குத் திரும்ப வரும். கேலாங், கத்தோங், புக்கிட் தீமா, எங்கே வந்தாலும் வேலை இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவார். இடது பக்கம் சுவரோரத்து நாற்காலியில்தான் உட்காருவார். அங்கே உட்கார்ந்தால், கடைசியில் பிள்ளை திரும்பும்போது நேராகத் தன்னையே பார்ப்பதுபோல் இருக்கும். காட்சி மொத்தம் அவர் பதினோரு மூச்சு விடும் நேரம். எண்ணி வைத்திருந்தார். அந்தப் பார்வை முடிந்ததும் எழுந்து வந்துவிடுவார். பாட்டுக்காரன் கதையெல்லாம் அவருக்கு என்ன கேடு.

வீட்டில் முத்தாயிக்கு மகளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டிருந்தது. சாதம் வடித்துக்கொண்டே, தையுவுக்குப் புருவம் அடர்த்தியா, மெல்லிசா என்று திடீரென்று கேட்பாள். அடர்த்தி என்பார். காது உங்கள் காதா, என் காதா என்பாள். உன் காது என்பார். எனக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது, ஒரு போட்டோ எடுத்திருக்கலாமோ, நான்தான் பாவி என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எங்காவது ஒரு கொட்டகையில் ஓடும் படத்தில் அந்த முகம் சுவரளவுக்குத் தெரிந்துகொண்டிருக்கும். துரைசாமி சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது.

அறுபத்தேழில் ஒருநாள் டெலிவிஷன் எல்லாவற்றையும் கெடுத்தது. அப்போது யார் வீட்டில் டெலிவிஷன் இருந்தது? சமூக நிலையத்தில், உயரமான மேடைமேல் பெட்டியை வைத்திருப்பார்கள், தெருவே பெஞ்சுகளில் உட்கார்ந்து பார்க்கும். முத்தாயி அதிகம் போகமாட்டாள். அன்று சம்சுன்னிசா வற்புறுத்தி இழுத்துப் போயிருந்தாள். என்ன படம் என்று இருவருக்கும் தெரியாது. படக் கம்பெனியை அப்போது மூடிவிட்டார்கள். துரைசாமி ஒரு மரப்பட்டறையில் வேலைக்கு இருந்தார். வேலை முடிந்து வந்து, மனைவியைக் காணாமல் சமூக நிலையத்துக்குப் போனார். வாசலில் கால் வைக்கும்போதே அந்த வயலின் சத்தம் கேட்டது. கதவுக் காட்சி வருமுன் வரும் வயலின்.

மூன்றாவது பெஞ்சில் முத்தாயி இருந்தாள். திரையில் கம்பியும் மொட்டைத் தலையும் வந்தன. அவள் எழுந்து நின்றாள். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொன்னார்கள். அவள் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போய், மேடைக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். காட்சி முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும் திரும்பினாள், வாசலில் கணவன் நிற்பது தெரிந்தது.

அவள் முன்னால் நடந்தாள். மாடிப்படி ஏறும்போது பாதிப் படியில் நின்றாள்.

"அது நம்ம தையுதானே."

"ஆமா."

"கொரல் வேற யாரோடதோ. வாயி நம்ம புள்ள வாயி. அம்மா அம்மான்னுதான் கத்துது." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நடிக்கிற வயசா அது? எதுக்கு அப்படி அழுதுச்சு? என்ன பண்ணீங்க புள்ளைய?"

பன்னிரண்டு வருஷம் கட்டிக் காத்த பொய் இருந்தது, வேறு நாலு பொய்யும் தயாராக இருந்தன. ஆனாலும் துரைசாமி படியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். காதில் சொன்ன வார்த்தையையும் சொன்னார், ஒரு எழுத்துக் குறைக்காமல். படம் பிடித்ததற்குத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அதைத் தொடவேயில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஆஸ்பத்திரியில அழவே இல்லன்னு சொன்னாங்களே," என்றாள். "நான் வரமாட்டேன்னு அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அதான் கேக்கல."

பிறகு படியேறிப் போய் உலை வைத்தாள். அன்றிலிருந்து ஏழு மாதம் கணவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தாள். பேச்சு மட்டும் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்ன அந்த வார்த்தையையும் அதற்குப்பிறகு யாரிடமும் சொல்லவில்லை. சம்சுன்னிசா இருவருக்கும் நடுவில் தூது போய்க் களைத்தாள். என்னதான் நடந்தது என்று கேட்டால் இரண்டு பேரும் பிடி கொடுக்கவில்லை. துரைசாமிக்கு ஐம்பதுகூட ஆகவில்லை, தலை முழுக்க நரைத்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாடு போட்டுக்கொண்டே முத்தாயி பேசினாள். கேலாங் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் படம் போடுகிறார்களாம், சுவரில் ஒட்டியிருப்பதாகச் சம்சு சொன்னாள் என்றாள். என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். துரைசாமி சரி என்று தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் விடியுமுன் எழுந்து குளித்தாள். தைப்பூசத்துக்குக் கட்டும் மஞ்சள் சேலையைக் கட்டி, தலைக்குப் பூ வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளையை அழைத்துவரக் கிளம்பியவள்போல் வாசலில் அவசரப்படுத்தினாள். பஸ்ஸிலும் எட்டி எட்டி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

காலைக் காட்சிக்கு வருவது பெரும்பாலும் பொடிப் பிள்ளைகள். குவாச்சி என்று விற்கும் தர்ப்பூசணி விதையைக் கொறித்துத் தோலைக் காலடியில் துப்பிக்கொண்டு ஒரே கூச்சல். துரைசாமி பழக்கதோஷத்தில் இடது பக்கம் சுவரோரம் போனார். தன் நாற்காலியில் மனைவியை உட்காரவைத்து, அடுத்ததில் தான் உட்கார்ந்தார். படம் ஓடித் தேய்ந்திருந்தது. திரை முழுக்க மழை பெய்வதுபோல் கோடுகள், சத்தம் வருவதும் போவதுமாக இருந்தது. அங்கங்கே வெட்டி ஒட்டியதில் பேசிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று வேறு இடத்தில் நின்றான். வயலின் ஆரம்பித்தபோது படம் அறுந்துபோய் விளக்குப் போட்டார்கள். பிள்ளைகள் விசிலடித்தன. துரைசாமி நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த இடமே போய்விட்டால்? பதினோரு மூச்சையும் வெட்டி எறிந்திருந்தால்? முத்தாயி மட்டும் பதறாமல் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு அணைந்தது. தாய் நடந்து போகும் இடம் காணாமல் போயிருந்தது. திரையில் எடுத்த எடுப்பிலேயே கம்பி, மொட்டைத் தலை, கோணிய வாய்.

முத்தாயி எழுந்தாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, வீட்டில் கூப்பிடும் குரலில் சொன்னாள்.

"வந்துட்டேன் தையு. அம்மா வந்துட்டேன். நான் எங்கயும் போகலம்மா, வாசல்லதான் உக்காந்திருந்தேன். உள்ள விடல. நாலு நாளும் வாசல்லதான் இருந்தேன்."

முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. ஒரு மலாய்க்காரம்மா அவர்களை அதட்டி அடக்கினாள். திரையில் பிள்ளை கம்பியை உலுக்கினாள், மூச்சு முட்டினாள், பிறகு எப்போதும்போல் சட்டென்று இடது பக்கம் திரும்பினாள். சுவரோரம் நின்றுகொண்டிருந்த முத்தாயியை நேராகப் பார்த்தாள். காட்சி மாறிவிட்டது.

முத்தாயி மெதுவாக உட்கார்ந்தாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். ஏழு மாதத்தில் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"திரும்பிப் பாத்துச்சு, பாத்தீங்களா? என்னத்தானே பாத்துச்சு?"

விளக்குக்குப் பின்னால் நின்றிருந்த நாள் துரைசாமிக்கு நினைவு வந்தது. அந்தப் பார்வை யாரைத் தேடியது என்று உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மகளிடமிருந்து அவருக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அதைப் பார்க்கத்தான் அத்தனை வருஷம் கொட்டகை கொட்டகையாக அலைந்தார்.

"ஆமா முத்தாயி," என்றார். "உன்னத்தான் பாத்துச்சு."

முத்தாயி தலையாட்டிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போகலாம் என்றாள். இருவரும் எழுந்து, காலடியில் குவாச்சித் தோல் நொறுங்க, வெளியே வெயிலுக்கு வந்தார்கள். பஸ் வர நேரமாயிற்று. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

துரைசாமி அதற்குப்பிறகு அந்தப் படத்துக்குப் போகவில்லை.